லைசென்சுக்கு ஓர் எதிரி

முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார், வந்துவிடுவார். உட்காருங்கள். நானும் அவருக்காகத்தான் காத்திருக்கிறேன். அந்தக் கண்ணாடி அலமாரியில் மட்டும் கை வைக்காதீர்கள், மணி அடிக்கும். காலையில் நான் வைத்துவிட்டுப் பட்ட பாட்டைக் கல்லாவில் இருக்கிற அந்தப் பெண்ணைக் கேட்டால் சொல்லும்.

நீங்கள் அதனிடம் கேட்டது என் காதில் விழுந்தது. தப்பாக நினைக்காதீர்கள். வீட்டுப் பாதுகாப்புக்கு, விலை குறைச்சலாக, ஒரு கைத்துப்பாக்கி. இதே கேள்வியை இதே இடத்தில் நின்று, இதே மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன். ஏன் குரலைத் தாழ்த்தினோம் என்று அப்புறம் பஸ்ஸில் போகும்போது யோசித்தேன். மருந்துக் கடையில் சில சாமான்கள் கேட்கும்போதும் அப்படித்தான் தாழ்த்துகிறோம். நமக்கு அது தேவைப்படுகிறது என்று ஊருக்குத் தெரிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

லைசென்ஸ் வைத்திருக்கிறீர்களா? இல்லையா? முதலில் துப்பாக்கியைப் பார்த்துவிட்டு அப்புறம் லைசென்ஸ் வாங்கலாம் என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். பெண்ணைப் பார்க்காமல் யாராவது கல்யாணப் பத்திரிகை அடிப்பார்களா என்று இதே முதலாளியிடம் கேட்டேன். "இங்க அப்படித்தான் சார். பத்திரிகை முதல்ல, பொண்ணு அப்புறம்" என்றார். நல்ல மனிதர். சாப்பிட்டுவிட்டு வந்தால் கொஞ்சம் தூங்கி விழுவார், அவ்வளவுதான்.

என் பெயர் சென்னியப்பன். வெள்ளகோவில் பக்கம் தோட்டம். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து, தோட்டத்து வீட்டிலேயே இருக்கிறேன். மகன் ஓசூரில். நானும் வீட்டுக்காரி வசந்தாமணியும் மட்டும். தோட்டத்து வீடு என்றால் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, ஊருக்குள் இருக்காது. அவரவர் தோட்டம் காட்டுக்கு நடுவில் அவரவர் வீடு. கத்தினால் ஆடு திரும்பிப் பார்க்கும், ஆள் திரும்பிப் பார்க்க மாட்டான்.

பக்கத்துத் தாலுகாவில் ஒரு தோட்டத்து வீட்டில் வயதான புருசன் பெண்டாட்டி இரண்டு பேரையும் திருடர்கள் கட்டிப்போட்டுவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த அம்மாள் அதற்கப்புறம் பேசுவதை நிறுத்திவிட்டார்களாம். அதைக் கேட்டதிலிருந்து வசந்தாமணிக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பரணில் இருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்துக் கட்டில் ஓரமாக வைத்துவிட்டாள். ஒன்றும் அடுக்கவில்லை. சும்மா வைத்தாள். தினமும் காலையில் எழுந்தால் முதலில் என் காலில் இடிப்பது அந்தச் சூட்கேஸ்தான்.

"ஓசூருக்கே போயிரலாங்க" என்றாள்.

"தென்னையும் மாடும்?"

"அதுகளைக் கட்டிப்போட்டுட்டு ஒருத்தனும் நகையைக் கழட்ட மாட்டான். நம்ம கழுத்துதான் போகும். நீங்க வராட்டி நான் மட்டுமாவது போறேன்."

எனக்கு ஓசூரில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்துகொண்டு, கீழே யாரோ யாருக்கோ கார் துடைப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவள் இல்லாமல் தோட்டத்தில் இருக்கவும் முடியாது. இது இரண்டும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்பது தெரியாது. நான் சொன்னதில்லை.

"என்னதான் வேணும் உனக்கு?" என்றேன்.

"கூப்பிட்டாக் கேக்கற தூரத்துல ஒரு மனுசர் இல்லீங்களே" என்றாள்.

அது சரிதான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருப்பது அவிநாசியப்பன் வீடு ஒன்றுதான். அதனால் யாரும் இல்லை என்று அர்த்தம்.

அவிநாசியப்பன் என் சித்தப்பா மகன். பங்காளி. என்னைவிட இளையவன். இரண்டு வீட்டுக்கும் பொதுக் கிணறு, முறை வைத்துத் தண்ணீர் இறைப்போம். என் முறை நாளில் அவன் மோட்டாரைப் போட்டான் என்று நான் சொன்னேன். போடவில்லை என்று அவன் சொன்னான். அன்றைக்குக் கரண்டே இல்லை என்று வசந்தாமணி சொன்னாள். அவள் யார் பக்கம் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் கிளுவை வேலி. அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கடவு இருந்தது. பெண்கள் மோருக்கும் மிளகாய்க்கும் அதன் வழியாகத்தான் போய் வருவார்கள். அந்தக் கடவை ஒரே நாளில் அவன் அந்தப் பக்கத்திலிருந்தும் நான் இந்தப் பக்கத்திலிருந்தும் முள் வைத்து அடைத்தோம். பேசி வைத்துக்கொண்டு செய்ததுபோல அவ்வளவு ஒற்றுமையாக நாங்கள் அதற்கு முன் ஒரு வேலையும் செய்ததில்லை.

கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்று அவள் சொன்னது என் மனதில் நின்றுவிட்டது. அதனால் இந்தக் கடைக்கு வந்தபோது நான் முதலில் கேட்டதே, "எந்தத் துப்பாக்கிக்குச் சத்தம் அதிகம்?" என்றுதான்.

முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். "சத்தம் வேணும்னா வெடி வாங்கலாமே சார்" என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். உங்களுக்கும் சொல்வார், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர்கன் விலை குறைச்சல். மயில் விரட்டலாம், திருடனை விரட்ட முடியாது. நீளத் துப்பாக்கி ஆளைக் கண்டதும் பயமுறுத்தும், ஆனால் தோட்டத்து வீட்டுக்குள் திருப்பினால் ஒரு பக்கம் சுவர் இடிக்கும், ஒரு பக்கம் பெண்டாட்டி இடிப்பாள். பிஸ்டலில் மேகசின், ஸ்லைடு என்று சங்கதிகள் ஜாஸ்தி. அவசரத்தில் நம் விரல் ஒன்று செய்யும், அது ஒன்று செய்யும். நம்மைப் போல ஆட்களுக்கு ரிவால்வர்தான். உருளையில் குண்டைப் போட்டோம், மூடினோம், முடிந்தது. புதிது விலை நமக்குக் கட்டாது. அதனால் பழசு.

"ஒரு மில் முதலாளி வச்சிருந்தது சார்" என்று ஒன்றை எடுத்துத் துணியில் வைத்தார். "ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. கோயில் குத்துவிளக்கு மாதிரி துடைச்சுத் துடைச்சு வச்சிருந்தாரு."

"அப்புறம் எதுக்கு விற்றார்?"

"அதை நான் கேக்கலைங்க" என்றார்.

நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சரி, லைசென்சுக்கு எழுதிப் போட்டேன். ஸ்டேஷனுக்கு விசாரணைக்கு வந்தது. அங்கே ஒரு ஏட்டு இருந்தார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. பல்வலியா பழக்கமா தெரியாது.

"உங்களுக்கு யாரால ஆபத்து?" என்றார்.

"திருடனாலங்க."

"திருடன் பேரு?"

"வராத திருடனுக்கு எப்படிங்க பேரு?"

"வந்துட்டா நாங்க பாத்துக்குவோம். வர்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் துப்பாக்கி வேணும்னா ஒரு காரணம் வேணும். நெலத் தகராறு, குடும்பப் பகை, தொழில் போட்டி. இத்தனை வருசம் சங்கத்துல செயலாளரா இருந்திருக்கீங்க. ஒருத்தனும் உங்களை வெட்டறேன் குத்தறேன்னு சொன்னதில்லையா?"

யோசித்துப் பார்த்தேன். இல்லை.

"போய் நல்லா யோசிச்சுட்டு வாங்க" என்றார், பரிட்சைக்குப் படிக்காமல் வந்த பையனைச் சொல்வதுபோல.

அந்த வாரம் முழுக்க நான் யோசித்ததுபோல வேறு எதற்கும் யோசித்ததில்லை. ஐம்பத்தாறு வயதாகிறது. என்னை வெறுக்கிற ஆள் ஒருவன்கூட இல்லை. முதலில் அது பெருமையாக இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல அது வேறு மாதிரி ஆகிவிட்டது. ஒருவன்கூட வெறுக்கவில்லை என்றால் நான் நல்லவன் என்று அர்த்தமா, அல்லது நான் இருந்ததையே யாரும் கவனிக்கவில்லை என்று அர்த்தமா? சங்கத்தில் எத்தனையோ பேருக்குக் கடன் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோபமாவது வந்திருக்க வேண்டாமா? அவர்களில் ஒருவரைச் சந்தையில் பிடித்து, "உங்களுக்கு என்மேல வருத்தம் உண்டுங்களா?" என்று கேட்டேன். "நீங்க யாருங்?" என்றார்.

வசந்தாமணியிடம் சொன்னேன். சிரித்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தாள்.

"எதிரிக்கா பஞ்சம்? இத்தனை முள்ளை வெட்டிப் போட்டு வேலியை அடைச்சு வச்சிருக்கறது யாருக்காம்?" என்றாள்.

அவள் கிண்டலாகச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். மறுநாள் போய், கிணற்றுத் தகராறில் பங்காளி அவிநாசியப்பன் என்னை வெட்டிவிடுவதாகச் சொன்னான் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது. உண்மையில் சொல்லவில்லைதான். ஆனால் மனதுக்குள் நினைத்திருக்க மாட்டானா? நான் அவனைப் பற்றி நினைத்திருக்கிறேனே.

ஏட்டு அவன் வீட்டுக்கு விசாரிக்கப் போனார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் மாட்டுக்குச் சோளத்தட்டுப் போடுகிற சாக்கில் நின்றேன்.

"உங்க பங்காளி உங்களால உசுருக்கு ஆபத்துன்னு எழுதிக் குடுத்திருக்காரு" என்றார் ஏட்டு.

அவன் மனைவி ருக்குமணி "அய்யோ சாமி" என்றது கேட்டது.

"துப்பாக்கி லைசென்ஸ் கேட்டிருக்காரு. அதுக்குத்தான் விசாரணை. வெட்டறேன்னு சொன்னீங்களா?"

அவிநாசியப்பன், "துப்பாக்கிக்குங்களா?" என்றான். அப்புறம், "ஆமாங்க, சொன்னேன்" என்றான்.

"எப்பச் சொன்னீங்க?"

"அவரு எப்பன்னு எழுதியிருக்கறாரோ அப்பத்தானுங்க."

"அருவாள்லயா, கடப்பாரைலயா?"

"அவருக்கு எது சௌகரியமோ அப்படி எழுதிக்குங்க."

இனிமேல் அப்படிப் பேச மாட்டேன் என்று அவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு ஏட்டு போய்விட்டார்.

பாருங்கள், நான் சும்மா ஒரு பேச்சுக்கு எழுதியது நிஜமாகவே இருந்திருக்கிறது. இல்லாவிட்டால் ஒருவன் போலீசிடம் ஒத்துக்கொள்வானா? அன்றைக்கே கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். வசந்தாமணி என்னைப் பார்த்து, "நீங்க எப்படீங்க சங்கத்தை இத்தனை வருசம் நடத்துனீங்க?" என்றாள். சங்கத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள்.

லைசென்ஸ் வந்தது. அதற்கு முன்னால் சுடுவதற்குப் பயிற்சி எடுக்க வேண்டும். எடுத்தேன். "சார், கண்ணைத் தொறந்துக்கிட்டுச் சுடுங்க" என்று பயிற்சி கொடுத்தவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டார். மில் முதலாளியின் ரிவால்வர் எங்கள் வீட்டுக்கு வந்தது. பொங்கலுக்கு எடுத்த வேட்டியில் சுற்றிப் பீரோ லாக்கரில் வைத்தோம். குண்டுகளைத் தனியாக வைக்க வேண்டும் என்று முதலாளி சொல்லியிருந்தார். சாமி அலமாரியில், விபூதி டப்பாவுக்குப் பின்னால் வைத்தோம். லாக்கர் சாவியை நான் எங்கே வைத்தாலும் திருடன் கண்டுபிடித்துவிடுவான் என்று வசந்தாமணி வாங்கி எங்கேயோ வைத்தாள்.

சூட்கேஸ் மட்டும் கட்டில் ஓரத்திலேயே இருந்தது. துப்பாக்கி வந்த பிறகும் அதை ஏன் பரணில் ஏற்றவில்லை என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு நாள் மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் படுத்திருந்தேன். வசந்தாமணி ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"பைக்குல ரெண்டு பேரு வந்திருக்கறாங்க. ஆருன்னு கேட்டா நேர்ல சொல்றோம்னு சொல்றாங்க. ஒருத்தன் வீட்டச் சுத்திச் சுத்திப் பாக்கறான்."

இதற்காகத்தானே இத்தனை பாடும். எழுந்தேன். "சாவி எங்கே?"

"அரிசிப் பானையிலீங்க. இல்ல, துவரம்பருப்பு டப்பாவுல. இருங்க, அதை நேத்துக் கழுவினேன்."

நான் அரிசிப் பானைக்குள் முழங்கை வரைக்கும் விட்டுத் தேடினேன். பருப்பைக் கொட்டினேன். சாவி மிளகாய்ப் பொடியில் இருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டேன், வேறு என்ன. லாக்கரைத் திறந்தேன். வேட்டியைப் பிரித்தேன். விபூதி டப்பா கவிழ்ந்தது. நான் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன். மிளகாய்க்குத்தான் அழுதேன். அப்போது கொல்லைப் பக்கம் வசந்தாமணி கத்துகிற சத்தம் கேட்டது.

"ருக்கூ! தம்பீ! ஓடியாங்க!"

பேச்சு வார்த்தை நின்று எவ்வளவோ காலம் ஆயிற்று. அவளுக்கு அதெல்லாம் அந்த நேரத்தில் நினைவே இல்லை.

நான் ரிவால்வரோடு வாசலுக்கு வந்தபோது கண்ட காட்சியைச் சொல்கிறேன். அவிநாசியப்பன் கடப்பாரையோடு நிற்கிறான். ரோட்டு வழியாகச் சுற்றி வர நேரமில்லாமல் முள் அடைத்த கடவை அப்படியே பிளந்துகொண்டு வந்திருக்கிறான். வேட்டி கிழிந்து, கெண்டைக்கால் முழுக்க ரத்தம். அவன் பின்னால் ருக்குமணி. அவள் பின்னால் அவர்கள் மகள் சிந்துஜா, கையில் தென்னை ஈக்குமாறு. பைக்கில் வந்த இரண்டு பேரும் அவிநாசியின் இரண்டு கையையும் பிடித்திருக்கிறார்கள்.

"சார், துப்பாக்கியைக் கீழ வைங்க" என்றார் அதில் பெரியவர். "நாங்க ஸ்டேஷன்ல இருந்து மஃப்டியில வர்றோம். நான் புதுசா வந்த எஸ்.ஐ. எலெக்சன் அறிவிச்சாச்சு. லைசென்ஸ் துப்பாக்கியெல்லாம் ஸ்டேஷன்ல ஒப்படைக்கணும். ஃபோன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறீங்க, அதான் இந்தப் பக்கம் வந்தவங்க நேர்லயே வந்தோம்."

அப்புறம் அவிநாசியைப் பார்த்து, "நீங்க யாருங்க, கடப்பாரையோட?" என்றார்.

"அவிநாசியப்பனுங்க."

எஸ்.ஐ. முகம் மாறியது. "பேரைக் கேட்டிருக்கேனே. ஃபைல்ல இருக்கீங்களே. நீங்கதானே அந்த எதிரி?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நீங்களே யோசித்துப் பாருங்கள். அவன் எங்களைக் காப்பாற்றத்தான் வந்தான் என்று சொன்னால் நான் எழுதிக் கொடுத்தது பொய். லைசென்ஸ் போய்விடும். துப்பாக்கி போனால் வசந்தாமணி ஓசூருக்குப் போய்விடுவாள். வெட்டத்தான் வந்தான் என்று சொன்னால் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கண்ணில் மிளகாய் வேறு.

அவிநாசியே சொன்னான். "அடிக்கத்தானுங்க வந்தேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். முறைக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான். சிறுவயதில் புளியம்பழம் திருடிவிட்டு நாங்கள் மாட்டிக்கொண்டபோது ஒரு முகம் வைப்பான். அந்த முகம்தான் வந்தது.

வசந்தாமணி உள்ளே போய் மோர் கொண்டு வந்தாள். முதல் சொம்பை அவிநாசியிடம் நீட்டினாள். "குடிங்க தம்பி. கால்ல மஞ்சள் வைக்கறேன், இருங்க."

"எதிரிக்கு மோரா?" என்றார் எஸ்.ஐ.

"எதிரின்னாத் தாகம் எடுக்காதுங்களா?" என்றாள்.

எஸ்.ஐ. இரண்டு சொம்பு குடித்தார். எனக்கு ரசீது எழுதிக் கொடுத்துவிட்டுத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டார். போகும்போது சிந்துஜாவைப் பார்த்து என்ன படிக்கிறாய் என்றார், ருக்குமணியிடம் நீங்கள் என்ன கூட்டம், எந்தக் குலதெய்வம் என்றார். போலீஸ்காரர் என்றால் எதையாவது விசாரித்துக்கொண்டேதான் இருப்பார் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் அவிநாசியைக் கேட்டேன். "எதுக்குடா அன்னிக்கு ஏட்டுகிட்ட ஆமான்னு சொன்னே?"

"நீங்க துப்பாக்கி கேட்டிருக்கறீங்கன்னு சொன்னாருங்ணா. எங்களுக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ருக்கு தூங்கறதேயில்லை. சரி, ரெண்டு வீட்டுக்கு ஒரு துப்பாக்கி இருந்துட்டுப் போகட்டும்னு சொல்லிட்டேன்."

அன்றைக்குப் பிய்ந்த கடவை யாரும் அடைக்கவில்லை. பெண்கள் வழக்கம்போல நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக் குழம்பு அங்கே, அவர்கள் வீட்டுப் பொரியல் இங்கே. ஓசூர்ப் பேச்சை வசந்தாமணி எடுக்கவேயில்லை. தேர்தல் முடிகிற வரைக்கும் துப்பாக்கி ஸ்டேஷனில்தான் இருந்தது, அப்போதும் எடுக்கவில்லை. வாங்கியதற்கே அவ்வளவு பலன். பாதுகாப்பு என்பது மனதைப் பொறுத்தது என்று நான் அவளிடம் விளக்கினேன். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு, கூப்பிட்ட குரலுக்குக் கடவு வழியாகப் போய்விட்டாள்.

ஆனால் எங்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. நானும் அவிநாசியும் ராசியாகிவிட்டோம் என்று தெரிந்தால் ஆபத்து இல்லை என்று ஆகிவிடும். ஆபத்து இல்லை என்றால் லைசென்ஸ் எதற்கு? அதனால் பேசி வைத்துக்கொண்டோம். வேலிக்கு உள்ளே அண்ணன் தம்பி, வேலிக்கு வெளியே பகையாளி. சந்தைக்கு அவன் பைக்கில்தான் போவேன், தார் ரோட்டுக்கு முன்னாலேயே இறக்கிவிட்டுவிடுவான். மிச்ச தூரம் நடப்பேன். பேக்கரியில் நான் உட்கார்ந்தால் அவன் எழுந்து போவான். என் டீக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டுத்தான் போவான், அது வேறு. கோயில் நோம்பித் திருவிழாவில் என்னைப் பார்த்ததும் திரும்பிக் காறித் துப்பினான். அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். அவ்வளவு தத்ரூபமாகத் துப்ப வேண்டுமா? நடிப்பா, உள்ளதா என்று இரண்டு நாள் யோசித்தேன். கேட்டேன். "ஏட்டு நின்னுட்டிருந்தாருங்ணா" என்றான்.

தேர்தல் முடிந்து துப்பாக்கியை வாங்கப் போனபோது எஸ்.ஐ. கேட்டார். "இன்னும் ஆபத்து இருக்குங்களா?"

"ரொம்ப இருக்குங்க" என்றேன்.

"உங்க எதிரி உங்களை ஸ்டேஷன் முக்குல பைக்குல எறக்கிவிட்டுட்டுப் போனாரே?"

"மிரட்டிக் கூட்டிட்டு வந்தானுங்க" என்றேன். நல்ல வேளை, சட்டென்று வந்தது. நம்பிவிட்டார். குனிந்து எதையோ தேடினார், தோள் குலுங்கியது. இருமல் போல.

இப்போது இங்கே எதற்கு வந்திருக்கிறேன் என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன். இந்த ரிவால்வரை விற்க வந்திருக்கிறேன். விரல் வைத்து இழுக்கிற குதிரை கொஞ்சம் இறுக்கம். என் விரலுக்குச் சரிப்படவில்லை.

அதுதான் காரணம். வேறு ஒன்றும் பெரிதாக இல்லை. சிந்துஜாவுக்குக் கல்யாணம். அந்த எஸ்.ஐ.தான் தன் அக்கா மகனுக்குக் கேட்டு வந்தார். மோர் குடித்த அன்றைக்கே பார்த்து வைத்துவிட்டாராம். நல்ல பையன். பவானி பக்கம் மில்லில் இன்ஜினியர். வருகிற வெள்ளிக்கிழமை முகூர்த்தம். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டுப் பங்காளி மண்டப வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க வாங்க என்று கையெடுத்துக் கூப்பிட வேண்டும். மூத்தவன் நான்தான். எங்கள் சித்தப்பா உயிரோடு இல்லை. அந்த இடத்தில் நான் நிற்காவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும், வேறு ஒருவர் நிற்க முடியாது. நின்றால், மாப்பிள்ளையின் தாய்மாமன் எஸ்.ஐ. நேர் எதிரே வருவார். அவரை நானும் என் எதிரியும் தோளோடு தோள் நின்று வரவேற்க வேண்டும்.

அவிநாசி வந்து சொன்னான். "நீங்க வராட்டிப் பரவாயில்லைங்ணா. துப்பாக்கிதான் முக்கியம். நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்." கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னான். சொல்லிவிட்டு எங்கள் வாசலில் வெகுநேரம் மாட்டைத் தடவிக்கொண்டு நின்றான். அது அவன் மாடுகூட இல்லை.

நான் வசந்தாமணியைப் பார்த்தேன். அவள் கட்டில் ஓரத்திலிருந்த சூட்கேஸை எடுத்தாள். ஓசூருக்கா என்று எழுந்தேவிட்டேன். அதைத் தட்டித் துடைத்துக் கடவு வழியாகக் கொண்டு போனாள். சிந்துஜாவுக்குப் புடவை வைத்துக் கொடுத்தனுப்பவாம். திரும்பி வந்து, "நான் கல்யாணத்துக்குப் போறேன். நீங்க வீட்டுல துப்பாக்கிக்குத் தொணையா இருங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் குதிரை இறுக்கம் என்று எனக்குத் தெரிந்தது.

துப்பாக்கியை விற்கிறேன் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டேன். காரணம் கேட்ட இடத்தில், ஆபத்து நீங்கிவிட்டது என்று எழுதினேன். எஸ்.ஐ. படித்துவிட்டு, "வெள்ளிக்கெழமை பாக்கலாங்க" என்றார். அவ்வளவுதான். இந்தக் கடையில் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது.

இதோ இந்தப் பையில்தான் இருக்கிறது. தொடாதீர்கள், லைசென்ஸ் இல்லாமல் தொடக் கூடாது. பார்க்கலாம். விலை குறைச்சல்தான், முதலாளியிடமே சொல்லிவிடுகிறேன். மில் முதலாளி ஒருவர் வைத்திருந்தது, அப்புறம் நான். ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. வேண்டுமானால் வேட்டியையும் சேர்த்துத் தருகிறேன்.

லைசென்சுக்குப் போனால் எதிரி பெயர் கேட்பார்கள். பார்த்துச் செய்யுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதினால் பின்னால் கல்யாணம் காட்சிக்குப் போக முடியாது. உங்கள் பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள்?

அடுக்குமாடியா. எதிர்க் கதவா. எத்தனை வருசமாக?

பெயர் தெரியாதா.

இல்லை, சிரிக்கவில்லை. அப்படியென்றால் உங்களுக்கு இது கட்டாயம் வேண்டும், எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏட்டு கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒன்று செய்யுங்கள். இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் எதிர்க் கதவைத் தட்டுங்கள். பெயரை மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாளி வந்துவிட்டார்.